நர்ஸம்மா வீட்டு ரேடியோ

எனக்கு ஏழு வயது ஆகும்வரை வீரலட்சுமி நர்ஸம்மா என்னை முன்னால் வந்து கூப்பிட்டதே கிடையாது. வீட்டுக்குள் பூனை மாதிரி நுழைவாள். நான் எங்கே உட்கார்ந்து விளையாடுகிறேன் என்று பார்ப்பாள். பின்பக்கமாக வந்து நின்றுகொண்டு, "மலிகா" என்று கிசுகிசுப்பாள். நான் திரும்பினால் போதும், அவள் முகம் மலர்ந்துவிடும். என் கையில் ஒரு கடலை மிட்டாயைத் திணித்துவிட்டு உம்மாவிடம் பேசப் போய்விடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். மிட்டாய் கொடுக்க வந்த மனுஷி முன்னால் வந்து கொடுத்தால் குறைந்தா போவாள்?

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பதைப் பின்னாளில் உம்மா கொஞ்சமும் நர்ஸம்மாவே கொஞ்சமுமாகச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு ரேடியோப் பெட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நர்ஸம்மாவுக்குச் சொந்த ஊர் கமுதி. மதுரையில் பிரசவம் பார்க்கப் படித்துவிட்டு, ஐம்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் கீழக்கரைக்கு வேலைக்கு வந்தாள். அப்போது எங்கள் ஊர்ப் பெண்கள் ஆண் டாக்டருக்கு முகத்தைக்கூடக் காட்டமாட்டார்கள். வலி வந்தால் நர்ஸம்மாவுக்கு ஆள் போகும். அவள் தோல் பையோடு வருவாள். அந்தப் பையில் ஒரு மரக்குழல் இருக்கும். அதன் அகன்ற வாயைப் பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்தால் உள்ளே பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு கேட்கும். கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு" என்று அவள் சொன்னால் வீடே மூச்சு விடும். "ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று சொன்னால், ஆண் டாக்டர் என்றாலும் போவார்கள். அவள் சொல்லாவிட்டால் ராஜாவே வந்து சொன்னாலும் போகமாட்டார்கள். ஊரில் எத்தனையோ உயிர் அவளுடைய ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காதைப் பற்றித்தான் அவளுக்குப் பயம். அவளுடைய தாய்க்கு நாற்பது வயதில் காது மங்கியது. முதலில் சிட்டுக்குருவிச் சத்தம் போனது, பிறகு கொலுசுச் சத்தம், பிறகு ஆட்கள் பேசுவது முனகல் மாதிரி ஆனது. ஒருநாள் கமுதிச் சந்தைக்குப் போகும் வழியில் பின்னால் மாட்டுவண்டி வந்தது. மாட்டுக் கழுத்துச் சலங்கை அந்த அம்மாளுக்குக் கேட்கவில்லை. இடுப்பு முறிந்து கிடந்து, அந்தக் கோடையைத் தாண்டாமல் போய்ச் சேர்ந்தாள். நர்ஸம்மா அப்போது பாவாடை கட்டிய பிள்ளை. தனக்கும் அந்த வயது வரும், அந்தக் காது வரும் என்ற எண்ணம் அன்றே அவளுக்குள் உட்கார்ந்துவிட்டது.

அவள் கணவர் செல்லச்சாமி பாம்பன்காரர். எங்கள் ஊர்க் கரையில் தோணி வேலை. பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியை வைத்து, உளியும் சுத்தியலுமாக அடித்து இறுக்கும் கலப்பத்து வேலையில் கெட்டிக்காரர். அடித்து முடித்த பிறகு, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பலகைக்குப் பூசுவார். ஓட்டை என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் கை பரபரக்கும். சொட்டு நீர் புகுந்தாலும் தோணி போச்சு என்று வாழ்ந்த மனிதர். காலை முதல் மாலை வரை அந்தச் சுத்தியல் சத்தத்திலேயே இருந்து இருந்து, அவருக்குக் காது பாதிதான் வேலை செய்யும். சோற்றுக்குக் கூப்பிட வேண்டுமானால் தோளைத் தட்ட வேண்டும்.

கமுதிக் காட்டில் வளர்ந்தவளுக்கு எங்கள் கடற்காற்று பிடிபடவே இல்லை. கத்தரிக்கோல் துருப்பிடிக்கிறது, பூட்டு துருப்பிடிக்கிறது என்று புலம்புவாள். செல்லச்சாமிக்குப் பெண்டாட்டியிடம் கொஞ்சிப் பேசத் தெரியாது. தோணிக்குப் பூசி மிஞ்சிய குங்கிலிய எண்ணெயைக் கொட்டாங்கச்சியில் கொண்டுவந்து, வீட்டில் துருப்பிடிக்கும் எல்லாவற்றுக்கும் பூசுவார். ஜன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள், எதையும் விடவில்லை. ஒருநாள் மரக்குழலிலும் கை வைக்கப் பார்த்தார். "அதத் தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்" என்று அவள் கத்திய பிறகுதான் விட்டார்.

கொழும்பிலிருந்து திரும்பிய ஒரு வியாபாரி, மகளின் பிரசவத்தை நல்லபடியாக முடித்துக் கொடுத்ததற்காக நர்ஸம்மாவுக்கு ஒரு ரேடியோ கொடுத்தார். பேட்டரியில் ஓடும் பெட்டி. முன்பக்கம் ஒலிபெருக்கியை மறைத்து மெல்லிய துணி. இலங்கை வானொலி எங்கள் கரையில் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி கேட்கும். பிரசவம் இல்லாத மாலைகளில் அவள் காலை நீட்டி உட்கார்ந்து பாட்டு கேட்பாள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தப் பெட்டிதான் குரல்.

இரண்டு மழைக்காலத்தில் அந்தத் துணி இற்றுப் போனது. செல்லச்சாமி அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சல்லடை மாதிரி பொடிக்கண் வைத்த பித்தளை வலையை அளவாக வெட்டி அடித்தார். முதலில் அழகாகத்தான் இருந்தது. உப்புக்காற்றில் வலையில் பச்சைக் களிம்பு ஏறியது. சும்மா இருப்பாரா மனுஷர்? எண்ணெயைத் தொட்டுப் பூசினார். அடுத்த தோணிக்குப் பூசும்போது மறுபடி பூசினார். ஒவ்வொரு பூச்சிலும் வலைக்கண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தன. காய்ந்த பூச்சு கண்ணாடி மாதிரி இருந்ததால் பார்ப்பவர்களுக்கு வலை வலையாகத்தான் தெரிந்தது. பளபளப்பு வேறு கூடியிருந்தது.

சத்தம் ஒரேயடியாக மங்கியிருந்தால் பெட்டியைச் சந்தேகித்திருப்பாள். அது நாள்பட மங்கியது. முதலில் ஜால்ரா காணாமல் போனது. பிறகு புல்லாங்குழலின் உச்சி தேய்ந்தது. செய்தி வாசிப்பவரின் பேச்சில் சகரமெல்லாம் கரைந்து, தலையணைக்குள்ளிருந்து பேசுவது போல ஆனது. மிருதங்கம் மட்டும் பழையபடி தொம் தொம் என்று அடித்தது. புது பேட்டரி போட்டுப் பார்த்தாள். சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள். தொம் தொம் பெரிதானது, பேச்சு தெளியவில்லை. தாய்க்கும் இதே வரிசையில்தான் போனது.

"ஏங்க, ரேடியோ ஒருமாதிரி அடைச்சாப்புல கேக்குதே, உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கணவரின் தோளைத் தட்டிக் கேட்டாள்.

அவர் பெட்டியருகே காதைக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் கேட்டார். "எனக்கு எப்பவும் போலத்தான் கேக்குது, லச்சுமி" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு எப்போதுமே அப்படித்தான் கேட்டது. ஆனால் அவளுக்கு அது தீர்ப்பு மாதிரி விழுந்தது. பெட்டி நன்றாக இருக்கிறது, பழுது என்னிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அதன் பிறகு அவள் பட்ட பாட்டை அவள் வாயால் கேட்க வேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்தக் கதைதான். யாராவது மெதுவாகப் பேசினால் காது போய்விட்டது என்று நினைப்பாள். இரண்டாம் தடவை கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டி வைப்பாள். தெருவில் நடக்கும்போது ஓயாமல் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். குழலை வயிற்றில் முன்னைவிட அழுத்தி ஊன்றுவதால் பெண்கள் முகம் சுளித்தார்கள். வேறொரு வீட்டு ரேடியோவைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் உண்மை தெரிந்திருக்கும். அதைத்தான் அவள் செய்யவில்லை. ரேடியோ பாடும் வீட்டைக் கண்டால் அடுத்த சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். அங்கேயும் மங்கலாகக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? காது கேட்காத நர்ஸை யார் கூப்பிடுவார்கள்? பயம் மனிதரை எவ்வளவு முட்டாளாக்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இந்த நிலையில்தான் எங்கள் வீட்டிலிருந்து ஆள் போனது.

உம்மா மெஹருன்னிசாவுக்கு முதல் பிள்ளை பிறக்கும்போதே இறந்து போயிருந்தது. இது இரண்டாவது. வாப்பா சீனி முகம்மது கொழும்பில் கடையில் இருந்தார். வீட்டில் ஆண் என்று உம்மாவின் அண்ணன் பாக்கர் மாமா மட்டும்தான். அவர் வெளிக்கூடத்தில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளிக்கூடத்துக்கும் பெண்கள் இருக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு பருத்தித் திரை. விடிந்ததிலிருந்து உம்மாவுக்கு வலி.

காலையில் நர்ஸம்மா குழலை வைத்தபோது, உள்ளே துடிப்பு தையல் மிஷின் ஓடுவது மாதிரி படபடவென்று ஓடியது. "நல்லா இருக்கு தாயி" என்றாள். வெயில் ஏறிய பிறகு மறுபடி வைத்தாள். வலி வந்து போனதும் மிஷின் மெதுவாக ஓடியது. வேகம் பிடிக்கவில்லை. அவள் குழலை இன்னும் அழுத்தினாள். மெதுவாகத்தான் கேட்டது.

அவளுடைய படிப்பு சொன்னது: பிள்ளை திணறுகிறது, வண்டியைக் கூப்பிடு. அவளுடைய பயம் சொன்னது: பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இரண்டு துடிப்பில் ஒன்றைத்தான் உன் காது பிடிக்கிறது. உன் காதை நம்பி இந்தப் பெண்ணைத் திரையை விட்டு வெளியே இழுத்து, ஆண் டாக்டரிடம் கொண்டுபோய், அங்கே எல்லாம் சரியாக இருந்தால் உன் கதி என்ன?

"என்ன நர்ஸம்மா, பேசாம இருக்கீங்க?" என்று உம்மா கேட்டாள். "புள்ள இருக்குல்ல?"

"இருக்கு தாயி, இருக்கு. மூச்ச இழுத்து விடு."

அடுத்த வலி வந்தது. குழலை வைத்தாள். இன்னும் மெதுவாகக் கேட்டது. அதற்கடுத்த வலியும் வந்தது. காதை மாற்றி வைத்துப் பார்த்தாள். இந்தக் காதும் போய்விட்டதா என்று மறுபடி மாற்றி வைத்தாள். முதல் பிள்ளை மாதிரியே இதுவும் அடங்குகிறது என்று உம்மாவுக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. நர்ஸம்மாவின் முந்தானையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் வெளிக்கூடத்தில் பாக்கர் மாமா ரேடியோவைத் திருகினார். வாப்பா கொழும்பில் இருந்ததால் அந்த ஊர்ச் செய்தியைத் தவறவிடமாட்டார். எங்கள் பெட்டியின் முகத்தில் வாங்கி வந்தபோது இருந்த மெல்லிய துணிதான் இருந்தது. அதன் மேல் யாரும் எதையும் பூசவில்லை. செய்திக்கு முன்னால் ஒரு பாட்டின் கடைசி வரி. ஜால்ரா சில் சில்லென்று ஒலித்தது. பிறகு ஒரு பெண் குரல் செய்தி வாசித்தது. அந்தச் சகரங்கள் ஒவ்வொன்றும் திரையைத் தாண்டி வந்து நர்ஸம்மாவின் காதில் ஊசி மாதிரி குத்தின.

அவளுக்குக் காது கேட்கிறது. நன்றாகக் கேட்கிறது.

அந்த ஒரு கணம் மட்டும் சந்தோஷமாக இருந்தது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த கணமே அது போய்விட்டது. காது சரி என்றால் குழலில் கேட்டதும் சரி. பிள்ளை நிஜமாகவே அடங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டே அவள் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

திரையை விலக்கிக்கொண்டு வெளிக்கூடத்துக்கு ஓடினாள். "அண்ணே, கார் பிடிங்க! ராமநாதபுரம் போகணும், இப்பவே போகணும்!"

பாக்கர் மாமா எழுந்து நின்றார். "அங்கன ஆம்பள டாக்டருல்ல, நர்ஸம்மா? மச்சானும் ஊர்ல இல்ல. செத்த பொறுத்துப் பாத்தா..."

"பொறுத்தது போதும்ணே! நான் பொறுத்ததே தப்பு. ஒங்க தங்கச்சி வேணுமா வேண்டாமா?"

அவள் அப்படிக் கத்தி அந்த ஊர் கேட்டதில்லை. மாமா செருப்பில்லாமல் தெருவில் ஓடினார். பக்கத்துத் தெருவிலிருந்து கார் வந்தது. ஜன்னலில் போர்வையைக் கட்டி மறைத்து உம்மாவை ஏற்றினார்கள். பள்ளிவாசலில் நடுப்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்போது கார் ஊர் எல்லையைத் தாண்டியது. வழியெல்லாம் நர்ஸம்மா குழலை வைத்துக்கொண்டே வந்தாளாம். கார் இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும் எடுக்கவில்லை. உம்மா தனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதிவிட்டு, ஓதியதையே மறுபடி ஓதினாள்.

ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டு என்னை எடுத்தார்கள். நீலம் பாரித்துக் கிடந்தேனாம். தட்டினார்கள், துடைத்தார்கள், குலுக்கினார்கள். நான் அழவில்லை. நர்ஸம்மா சுவரோடு ஒட்டி நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நான் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டேன்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே அவளிடம் சொன்னாராம். "உயிர் தப்பிச்சிருச்சு. ஆனா காத்து இல்லாம கொஞ்ச நேரம் இருந்திருக்கு. காது, பேச்சு எல்லாம் போகப் போகத்தான் தெரியும்."

மறுநாள் வீட்டுக்குத் திரும்பியதும் அவள் நேராகப் போய் ரேடியோவைத் திருகி அதன் முன்னால் உட்கார்ந்தாள். பித்தளை வலையில் வாயை வைத்து ஊதினாள். மூச்சு உள்ளே போகவில்லை, திரும்பி அவள் முகத்திலேயே அடித்தது. அரிவாள்மனையைக் கொண்டுவந்து வலையை நெம்பிப் பிடுங்கி எறிந்தாள். உடனே ஜால்ரா திரும்பி வந்தது. சகரங்கள் திரும்பி வந்தன. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

செல்லச்சாமி கரையிலிருந்து வந்து, கீழே கிடந்த வலையை எடுத்துப் பார்த்தார். அவள் என்ன சொல்லி அழுகிறாள் என்பது அவருக்குப் பாதிதான் விளங்கியது. "உப்புக்காத்து உள்ள போயிரக் கூடாதுன்னுதான் பூசுனேன்" என்றார். "ஓட்டைய அடைக்கிறதுதானே புள்ள என் தொழிலு?" அதன் பிறகு பல நாள் அவள் அவரோடு பேசவே இல்லை.

பிறகு எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். என் தொட்டிலுக்குப் பின்னால் நின்று விரலைச் சொடுக்குவாள். நான் தவழும்போது பின்னாலிருந்து கை தட்டுவாள். அதற்கெல்லாம் நான் திரும்பினேன். வளர வளர அவள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனாள். கடைசியில் கிசுகிசுப்பில் வந்து நின்றது. "புள்ளைக்கு நல்லா கேக்குது மெகரு" என்று ஒவ்வொரு தடவையும் உம்மாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் மறுபடி வருவாள்.

எனக்கு நல்லாக் கேட்கவில்லை. உம்மா அதைக் கண்டுபிடித்தது நான் நடக்கத் தொடங்கி வெகுநாளைக்குப் பிறகு. வெள்ளிக் கொலுசு வாங்கி என் காலில் போட்டுவிட்டாள். நான் குதித்தேன், ஓடினேன். அதில் மணி இருப்பதே எனக்குத் தெரியவில்லை. யாராவது சத்தமாகப் பேசினால் கேட்கும். மேளம் கேட்கும், மோட்டார் கேட்கும். கிசுகிசுப்பு, குருவி, ஜால்ரா ஒன்றும் கேட்காது. நர்ஸம்மா வீட்டு ரேடியோ வலை மூடிய காலத்தில் எப்படிக் கேட்டதோ, எனக்கு உலகமே அப்படித்தான். என்னுடைய வலையைப் பிடுங்கி எறிய வழியில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"நர்ஸம்மாகிட்ட மூச்சு விடாதே" என்றாள் உம்மா. "அவ தாங்க மாட்டா."

உம்மாவே ஒரு வழியும் கண்டுபிடித்தாள். நர்ஸம்மா வரும் நேரத்தில் என் எதிரில் உட்கார்ந்துகொள்வாள். நர்ஸம்மா என் பின்னால் வந்து வாயசைத்ததும், உம்மா முக்காட்டை நெற்றிவரை இழுத்து விடுவாள். ஆள் வந்தால் எங்கள் பெண்கள் செய்வதுதானே, யாருக்குச் சந்தேகம் வரும்? முக்காடு இறங்கினால் நான் திரும்ப வேண்டும். திரும்பினேன், மிட்டாய் தின்றேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு பயம். உம்மா எதிரில் இல்லாத ஒருநாள் இவள் வந்துவிட்டால்?

வந்துவிட்டாள். உம்மா கிணற்றடியில் இருந்தாள். நான் வெளிக்கூடத்தில் பாடாமல் கிடந்த ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து, அதைத் திருகித் திருகி, கண்ணாடிக்குள் முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. நர்ஸம்மா என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. எத்தனை நேரமாக என்று தெரியவில்லை. அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

நான் சட்டென்று திரும்பிச் சிரித்தேன். "மிட்டாய் எங்கே?" என்று கேட்டேன்.

அவளும் சிரித்தாள். மிட்டாயைக் கொடுத்தாள். உம்மாவைப் பார்க்காமலே போய்விட்டாள்.

அடுத்த வாரம் வந்தபோது நேராக என் முன்னால் வந்து குனிந்தாள். என் முகத்தருகே முகத்தை வைத்து, உதட்டை நன்றாக அசைத்து, ஒவ்வொரு எழுத்தாக, உரக்க "மலிகா" என்றாள். முன்னால் வந்து கொடுத்தால் என்ன என்று அத்தனை காலம் முனகியவள் நான்தான். அன்றைக்கு அவள் பழையபடி எனக்குப் பின்னால் போய் நிற்கமாட்டாளா என்று எனக்கு அழுகை வந்தது.